பாட்டிக்கு ஆபரேஷன் வேண்டுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, மாடிப் போர்ஷன் மாமி கையில் மஞ்சள் பையுடன் இறங்கி வந்தாள். பைக்குள்ளிருந்து வழக்கம் போல் வடாமோ அப்பளமோ வரவில்லை. ஒரு ஸ்கான் ரிப்போர்ட் வந்தது.

"நீ பத்திரிகையிலே இருக்கிறவன். நாலு டாக்டரைத் தெரிஞ்சிருக்கும். இதைக் கொஞ்சம் பாரேன்" என்றாள், குரலைத் தாழ்த்திக் கொண்டு.

மாமியின் மாமியாருக்கு வயது 79. வயிற்று வலிக்குப் பித்தப்பைக் கல் காரணமோ என்று பார்க்கப் போனார்கள். கல் இல்லை. ஆனால் வலது சிறுநீரகத்தில் 2.2 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்லிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இந்தக் காலத்தில் சிறுநீரகக் கட்டிகளில் பாதிக்கு மேல் இப்படி வேறெதையோ தேடப் போய் அகப்படுகிறவையே.

அன்றிரவு மாடியில் குடும்ப மகாநாடு கூடிற்று. "நாளைக்கே எடுத்து விட வேண்டும்" என்றார் மூத்த பிள்ளை. "இந்த வயசில் அம்மா உடம்பில் கத்தி வைக்க விட மாட்டேன்" என்று பம்பாயிலிருந்து டெலிபோனில் அழுதாள் பெண். "ரோபோ ஆபரேஷன் இருக்கும்போது என்ன கவலை?" என்றான் இளையவன். பாட்டி பூத் தொடுத்து முடித்துக் கூடத்துக்கு வந்ததும், எல்லோரும் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பாட்டிக்குக் காதுதான் மந்தம், புத்தி மந்தமில்லை.

மாமி கேட்டுக் கொண்டதற்காக நானும் விசாரித்தேன். அப்போது அமெரிக்காவில் இன்னொரு பாட்டியின் கதை கிடைத்தது. ஸென்ட் லூயிஸ் நகரம், 1990 ஜூன் 25. அந்த அம்மாளுக்கு வயது 85. வலது சிறுநீரகத்தில் 3 சென்டிமீட்டர் கட்டி. அதுவரை சிறுநீரகத்தை எடுப்பதென்றால் விலாவில் நீளமாகக் கீற வேண்டும். டாக்டர் ரால்ஃப் கிளேமன் அப்படிச் செய்யவில்லை. வயிற்றில் சில சிறு துவாரங்கள் போட்டு, காமிராக் குழாயை உள்ளே விட்டு, சிறுநீரகத்தை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டுத் துண்டு துண்டாக்கி, விரற்கடைத் துவாரத்தின் வழியே வெளியே எடுத்தார். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் பிடித்தது. உலகத்தில் லாப்ராஸ்கோப் மூலம் சிறுநீரகம் எடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. இன்று ஊருக்கு ஊர் நடக்கும் ஆபரேஷனுக்கு வழி காட்டியவள் 85 வயதுக் கிழவி என்பது வேடிக்கைதான்.

ஆனால் கதையின் வால் பாகத்தைப் பலர் சொல்வதில்லை. எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்ததில், அது புற்றுநோயே அல்ல. பரவாத சாதுக் கட்டி என்று தெரிந்தது!

டாக்டர் மேல் குற்றமில்லை. படத்தைப் பார்த்து அதைப் பிரித்துச் சொல்வது இன்றைக்கும் கடினம். 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இப்படிச் சாதுவாகவே இருக்கிறது. ஆகவே சந்தேகமுள்ள இடத்தில், முதுகுப் பக்கம் ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்து முதலில் சோதிக்கலாம். சில சமயம் அந்தச் சோதனையும் இரண்டுங்கெட்டானாகப் பதில் சொல்லும் என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

சரி, புற்றுநோய்தான் என்றே வைத்துக் கொள்வோம். என்னென்ன வழிகள்?

முழுச் சிறுநீரகத்தையும் எடுத்து விடுவது ஒன்று. 1869-ல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் குஸ்தாவ் ஸைமன் என்ற டாக்டர் ஒரு ஸ்திரீக்கு வேறொரு கோளாறுக்காக இதைச் செய்து, மனிதருக்கு ஒரு சிறுநீரகமே போதும் என்று நிரூபித்தார். கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மிச்சத்தைத் தைத்து விடுவது மற்றொன்று. மாம்பழத்தில் அடிபட்ட இடத்தை மட்டும் செதுக்கி எடுப்பது மாதிரி. கேட்க எளிதாயிருக்கிறது, உண்மையில் இதுதான் அதிகக் கைத்திறமை கேட்பது. இருதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அந்தக் குழாயைச் சிறிது நேரம் கிடுக்கியால் பிடித்து நிறுத்தி விட்டு அவசர அவசரமாக வெட்டித் தைக்க வேண்டும். பின்னால் ரத்தம் கசியலாம், சிறுநீர் கசியலாம். ரோபோ இதில் டாக்டரின் கைக்கு உதவுகிறது. ஆனால் மயக்க மருந்தும் வயதும் ரோபோவுக்காக ஒதுங்கி நிற்பதில்லை.

பாதியைக் காப்பாற்றுவதே எப்போதும் மேல் என்று நானும் நினைத்திருந்தேன். 541 பேரை வைத்து ஐரோப்பாவில் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2011-ல் வெளியாயிற்று. பாதி எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது வாஸ்தவம். ஆயுள் மட்டும் அதனால் கூடவில்லை. மற்றச் சிறுநீரகம் திடமாக இருந்தால், முழுதும் எடுப்பதைக் கண்டு கதி கலங்க வேண்டியதில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது வழிக்குக் கத்தியே கிடையாது. தோல் வழியாக ஊசியைச் செலுத்திக் கட்டியைச் சுட்டு விடுகிறார்கள், அல்லது உறைய வைத்து விடுகிறார்கள். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்கு இது ஏற்றது. முழு மயக்கம் இல்லாமலே பலருக்குச் செய்து விடலாம். அதே இடத்தில் கட்டி மறுபடி தலை காட்டும் வாய்ப்பு ஆபரேஷனை விடச் சற்று அதிகம்; காட்டினால் மறுபடியும் ஊசி போடலாம்.

நான்காவது வழியைச் சொன்னால்தான் நம் வீடுகளில் சண்டை வரும். ஒன்றும் செய்யாமல், விடாமல் கவனித்து வருவது! சிறு கட்டிகள் சராசரியாக வருஷத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. சில வளர்வதேயில்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் 2009-ல் தொடங்கி 497 பேரைக் கவனித்து வந்தார்கள். சிலர் சிகிச்சை செய்து கொண்டார்கள். வயதானவர்களும் வேறு நோயுள்ளவர்களுமாகப் பலர் காத்திருந்தார்கள். ஐந்து வருஷத்துக்குப் பின் பார்த்தால், காத்திருந்தவர்களில் நாலில் ஒருவர் காலமாகியிருந்தார். ஆனால் ஒருவர் கூடச் சிறுநீரகப் புற்றுநோயால் அல்ல. இருதயமும் மற்ற வியாதிகளும் முந்திக் கொண்டன.

இது சிறு கட்டிக்குச் சொன்னது. சிறுநீரில் ரத்தம் போனாலோ, கட்டி பெரிதாக இருந்தாலோ, காத்திருப்பது வேறு விஷயம். அங்கே 80 வயதிலும் ஆபரேஷன் செய்து கொண்டு பிழைத்து நடமாடுகிறவர்கள் உண்டு.

இத்தனையும் தெரிந்து கொண்டு, மாமி குடும்பத்தோடு டாக்டரிடம் போனேன். பாட்டியை வெளியே பெஞ்சியில் உட்கார வைத்து விட்டு நாங்கள் மட்டும் உள்ளே நுழையப் பார்த்தோம். "யாருக்கு உடம்பு? அவர்களை அழைத்து வாருங்கள்" என்றார் டாக்டர்.

பாட்டி வந்து உட்கார்ந்தாள். "எனக்கு என்னன்னு நீங்களாவது சொல்லுங்கோ. பதினைந்து நாளா வீட்டிலே எல்லாரும் மழையைப் பத்தியே பேசறா" என்றாள்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கட்டி, புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார். மூத்த பிள்ளை முகத்தைத் திருப்பிக் கொண்டார். பாட்டி அழவில்லை. "காத்திருந்தா வலிக்குமா? ஆபரேஷன் பண்ணிண்டா மறுபடி மாடி ஏறுவேனா?" என்று இரண்டே கேள்வி கேட்டாள். மகாநாட்டில் ஒருவருக்கும் தோன்றாத கேள்விகள்!

டாக்டர் அவளை அறையில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியான முதியவர்களுக்கு அந்த எண்ணை நம்பக் கூடாதாம்; தசை குறைவாக இருப்பதால் எண் நல்லதாகத் தோன்றுமாம். வயதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், இருபது வருஷச் சர்க்கரை வியாதி இரண்டு சிறுநீரகங்களையும் தேய்த்திருந்தது தெரிந்தது. முழுதும் எடுத்தால் பின்னால் டயாலிஸிஸ் வரை போகலாம். ஆகவே இப்போதைக்குக் கவனித்து வருவது. 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ ஊசிச் சிகிச்சை என்று முடிவாயிற்று.

கிளம்புமுன் மாமி தனியாகக் கேட்டுத் தெரிந்து கொண்ட சில, மற்ற வீடுகளுக்கும் பயன்படும். மூட்டு வலிக்கென்று கடையில் தானே வாங்கிப் போடும் மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றை டாக்டரிடம் காட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை ஆபரேஷனுக்கோ ஊசிக்கோ முன் எத்தனை நாள் நிறுத்துவது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. வயதானவர்கள் ஆபரேஷன் முடிந்த இரவில் இடம் தெரியாமல் பிதற்றுவது உண்டு. பைத்தியம் பிடித்து விட்டதென்று பதறாமல், மூக்குக் கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டி விட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் தெளிந்து விடும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கான் என்று டாக்டர் தேதி குறித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பாட்டி தினசரிக் காலண்டரை எடுத்துப் புரட்டினாள்.

"அன்னிக்கு அமாவாசை. தர்ப்பணத்தை விட்டுட்டு உங்கப்பன் எப்படி வருவான்? மறுநாள் வச்சுக்கச் சொல்லு" என்றாள் பேரனிடம். மறுநாளைக்கே மாற்றியிருக்கிறார்கள்.