ஹேனி வாங்கிய குத்துகள்

2024 ஏப்ரல் 20 இரவு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள பார்க்லேஸ் அரங்கில் டெவின் ஹேனி மூன்று முறை தரையில் விழுந்தார். ஏழாவது சுற்றில் ஒரு முறை, பத்தாவதில் ஒரு முறை, பதினொன்றில் இன்னொரு முறை. அதுவரை மோதிய 31 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காதவர். விழுந்த ஒவ்வொரு முறையும் எழுந்து, கால் தள்ளாட, பன்னிரண்டு சுற்றையும் முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார். எதிரே நின்ற ரையன் கார்சியாவுக்கு இரண்டு நடுவர்கள் வெற்றி கொடுத்தார்கள். மூன்றாமவர் சமம் என்றார்.

மே மாதம் பிறந்ததும் சேதி வெளியே வந்தது. போட்டிக்கு முந்தைய நாளும் போட்டி நாளன்றும் கார்சியாவிடம் எடுத்த மாதிரிகளில் ஆஸ்டரின் இருந்தது. தசையை வளர்க்கும் தன்மை கொண்ட, எந்த நோய்க்கும் மருந்தாக அனுமதி பெறாத பொருள் அது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை, சாப்பிட்ட சத்துப்பொருளில் கலந்திருந்தது என்றார் கார்சியா. இரண்டாவது மாதிரியும் முதல் முடிவையே உறுதிசெய்தது. ஜூனில், குத்துச்சண்டையை மேற்பார்வையிடும் நியூயார்க் மாநில ஆணையம் ஓராண்டுத் தடை விதித்தது. 10,000 டாலர் அபராதம். போட்டிக்கு வாங்கிய சுமார் 11 லட்சம் டாலரும் போயிற்று. ஏட்டில் அவருடைய வெற்றி அழிக்கப்பட்டு ‘முடிவில்லை’ என்று மாற்றப்பட்டது.

ஹேனியின் ஏட்டிலும் அதே ‘முடிவில்லை’தான். தோல்வி நீங்கிவிட்டது, சரி. தலையில் வாங்கிய குத்துகளை எந்த ஆணையத்தின் பேனா அழிக்கும்?

ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் ஊக்கமருந்து எடுத்தால் பக்கத்துத் தடத்தில் ஓடியவர் பதக்கத்தை இழக்கிறார். அது பெரிய அநியாயம். குத்துச்சண்டையில் பறிபோவது பதக்கத்தோடு நிற்பதில்லை. இங்கே எதிராளியின் மூளையைக் குலுக்குவதுதான் வெற்றிக்கு வழி. கூடுதலாகச் சேர்ந்த ஒவ்வொரு துளி பலமும் இன்னொரு மனிதனின் தாடையில், நெற்றிப்பொட்டில், விலாவில் போய் இறங்குகிறது. அதனால்தான் மற்ற விளையாட்டுகளைவிட இதில் விதி கடுமையாக இருக்க வேண்டும். நடைமுறையில் தளர்ச்சிதான் தெரிகிறது.

சோதனையில் சிக்கிய தொழில்முறை வீரரின் எதிர்காலம் என்ன என்று கேட்டால், கடந்த சில ஆண்டுகளின் வழக்குகள் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை முறை என்பவையெல்லாம் பின்னால் போய்விடுகின்றன. அவர் பெயருக்கு எத்தனை இருக்கைகள் நிரம்பும் என்பதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஜாரல் மில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூன் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் அந்தோணி ஜோஷுவாவுடன் அவர் மோதுவதாக இருந்தது. ஏப்ரலில் அடுத்தடுத்து வந்த முடிவுகளில் மூன்று பொருள்கள்: ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ, வளர்ச்சி ஹார்மோன், ஜிடபிள்யூ1516. கடைசியாகச் சொன்னது, விலங்குகளிடம் செய்த ஆய்வில் புற்றுநோய் தோன்றியதால் கைவிடப்பட்ட மருந்து. அதை யாரும் தொட வேண்டாம் என்று உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2013-லேயே மருந்தின் பெயரைச் சொல்லியே விளையாட்டு வீரர்களை எச்சரித்திருந்தது.

போட்டி போயிற்று. அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்த ஆண்டி ரூயிஸ், ஜோஷுவாவை நான்கு முறை வீழ்த்தி ஏழாவது சுற்றில் உலகையே திகைக்க வைத்தார். மில்லர் கதையில் பலரும் நினைவில் வைத்திருப்பது அந்த இரவைத்தான். அதைவிட முக்கியமான ஒன்று கவனிக்கப்படாமலே போனது. மூன்று பொருள்களோடு சிக்கிய மில்லருக்கு நியூயார்க் ஆணையம் தடை விதிக்கவில்லை. விதிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அவரிடம் நியூயார்க் உரிமமே இல்லை. உரிமம் கேட்ட விண்ணப்பத்தை நிராகரிக்க மட்டுமே ஆணையத்தால் முடிந்தது. உலகப் பட்டம் வழங்கும் டபிள்யூபிஏ அமைப்பு ஆறு மாதத்துக்குத் தரவரிசையிலிருந்து நீக்கியது. அவ்வளவுதான். அடுத்த ஆண்டே ஒரு பெரிய புரமோட்டர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டார். 2020 ஜூலைப் போட்டிக்கு முன் மறுபடி சோதனை, மறுபடி ஜிடபிள்யூ1516. இந்த முறை நெவாடா மாநிலம் இரண்டாண்டு தடை விதித்தது. அதுவும் முடிந்து, 2023 டிசம்பரில் ரியாத்தில், உலகமே பார்த்த நிகழ்ச்சியில் டேனியல் டுபுவாவோடு மோதினார். பத்தாவது சுற்றில் தோற்றார். 2024 ஆகஸ்டில் அதே ஆண்டி ரூயிஸுடன் மோதிச் சமன் செய்தார். இரண்டு முறை சிக்கியவருக்கும் மேடை காத்திருந்தது.

இந்த ஓட்டைக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொழில்முறை குத்துச்சண்டைக்கு ஒற்றைத் தலைமை கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஓர் ஆணையம். பிரிட்டனில் ஒரு வாரியம். உலகப் பட்டம் வழங்குவதற்கு மட்டும் நான்கு பெரிய அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிப்புத்தகம். பெரிய போட்டிகளுக்கான சோதனையைச் செய்வது பெரும்பாலும் 2011-ல் லாஸ் வேகாஸில் டாக்டர் மார்கரெட் குட்மன் தொடங்கிய தன்னார்வ ஊக்கமருந்து தடுப்புச் சங்கம். அது நேர்மையாக வேலை செய்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் பல வழக்குகளை வெளிக்கொண்டு வந்தது அதுதான். ஆனால் அதற்குக் கண்டுபிடிக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. முடிவை எழுதி உரியவர்களுக்கு அனுப்புவதோடு அதன் வேலை தீர்ந்தது. சோதனையில் சிக்கியவருக்கு ஒரு மாநிலம் விதித்த தடையை மற்ற மாநிலங்களும் மதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. நாட்டின் எல்லையோடு அந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. விமானச் சீட்டு எடுக்க வசதியுள்ளவருக்கு உலகம் பெரியது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சோதனையில் சிக்கிய எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று ஒரே தட்டில் வைப்பது தவறு. மெக்சிகோவில் கால்நடைகளைக் கொழுக்கவைக்க கிளென்புட்டரால் என்ற பொருளைத் திருட்டுத்தனமாகக் கொடுப்பது ஊரறிந்த விஷயம். 2011-ல் அங்கே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் 208 மாதிரிகளைப் பரிசோதித்தபோது 109-ல் அதன் தடயம் இருந்தது. பல நாடுகளிலிருந்து வந்த சிறுவர்கள் அத்தனை பேரும் சதி செய்திருக்க முடியுமா? சாப்பாட்டுத் தட்டில் இருந்த மாட்டிறைச்சிதான் காரணம். இப்படிப்பட்ட மிகச் சிறிய அளவுகளைத் தனியாக ஆராய உலக முகமையே பின்னாளில் வரம்பு வகுத்தது.

2018 பிப்ரவரியில் சவுல் ‘கனெலோ’ ஆல்வாரெஸ் சிக்கியது இதே கிளென்புட்டராலில்தான். குவாதலஹாராவில் சாப்பிட்ட இறைச்சி என்றார். நம்ப முடியாத விளக்கம் ஒன்றுமில்லை. நெவாடா ஆணையம் ஆறு மாதத் தடை விதித்தது, அதையும் முன்தேதியிட்டு. மே மாதம் நடக்க வேண்டிய கெனடி கொலோவ்கின் மறுபோட்டி செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனது, கனெலோ வென்றார். அடுத்த மாதமே அவருக்கும் டாஸோன் ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தம், மதிப்பு 36.5 கோடி டாலர். 2021-ல் சூப்பர் மிடில்வெயிட் பிரிவின் நான்கு பட்டங்களையும் கையில் வைத்திருந்தார். கனெலோ தரப்பின் வாதம் உண்மையாகவே இருக்கட்டும். கேள்வி வேறு: இதே இறைச்சியைச் சாப்பிட்ட, நாலு சுற்றுச் சண்டைக்குச் சில நூறு டாலர் வாங்கும் ஒரு சின்ன வீரர் சிக்கினால் அவருக்கு இந்த விசாரணை கிடைக்குமா? வேதியியல் நிபுணர், வழக்கறிஞர், ஆய்வகக் கட்டணம் எல்லாம் அவர் எட்டும் உயரத்தில் இல்லை. குற்றமற்றவர் என்று நிரூபிக்கவும் பணம் வேண்டியிருக்கிறது. பெரிய பெயர்கள் மீண்டு வருவதைப் பார்க்கும்போது, மீள வழியில்லாமல் தொழிலையே விட்டுப்போனவர்களை யாரும் நினைப்பதில்லை.

பிரிட்டனின் கானர் பென் விவகாரம் இந்தக் குழப்பத்தின் முழு வரைபடம். அவர் தந்தை நைஜல் பென்னும் கிறிஸ் யூபேங்க்கும் 1990-லும் 1993-லும் மோதியது பிரிட்டிஷ் குத்துச்சண்டையின் பொற்கால நினைவு. பிள்ளைகள் இருவரும் 2022 அக்டோபர் 8-ல் மோதுவதாக டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. மூன்று நாள் முன்பு, பென்னின் சோதனையில் க்ளோமிஃபீன் இருந்தது பத்திரிகையில் வெளியானது. கருத்தரிப்புக்காகப் பெண்களுக்குத் தரும் மருந்து. ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும். மிகவும் வேதனை தருவது, அந்த முடிவு முன்பே ஏற்பாட்டாளர்களின் கையில் இருந்ததும், அதன் பிறகும் போட்டியை நடத்திவிட முயன்றதும்தான். பிரிட்டிஷ் வாரியம் கண்டிப்பாக மறுத்ததால் போட்டி நின்றது.

பிறகு இரண்டாண்டு இழுபறி. மிக அதிகமாக முட்டை சாப்பிட்டது ஏற்கத்தக்க விளக்கம் என்று 2023 பிப்ரவரியில் பட்டம் வழங்கும் டபிள்யூபிசி அமைப்பு சொன்னது. பிரிட்டனின் ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு தற்காலிகத் தடை விதித்தது; தீர்ப்பாயம் நீக்கியது; மேல்முறையீடு வந்தது. இதற்கிடையே பென் அமெரிக்காவில் இரண்டு போட்டிகள் ஆடிவிட்டார். 2024 நவம்பரில் அவர் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பானது. தொடக்கம் முதல் தான் குற்றமற்றவன் என்றே சொல்லிவந்த பென்னுக்கு அந்தத் தீர்ப்பு முழு உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. அதை மதிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 26, லண்டன் டாட்டன்ஹாம் மைதானம், 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். மகன் யூபேங்க் வென்றார். நவம்பரில் மறுபோட்டி, பென் வென்றார். தடைபட்ட போட்டி முன்னைவிடப் பெரிய வியாபாரமாகத் திரும்பி வந்தது.

அந்த ஏப்ரல் போட்டியில் ஒரு சிறு விவரம் உண்டு. எடை பார்த்தபோது யூபேங்க் ஒப்பந்த எடையைவிட 0.05 பவுண்டு கூடுதல். ஏறக்குறைய 23 கிராம். நாலைந்து தேக்கரண்டித் தண்ணீர். அதற்கு அவர் கட்டிய அபராதம் 3,75,000 பவுண்டு. நியூயார்க்கில் சோதனையில் சிக்கிய கார்சியாவுக்கு ஆணையம் போட்ட அபராதம் 10,000 டாலர் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குத்துச்சண்டை உலகத்துக்குத் துல்லியமாக அளக்கவும் தெரியும், ஈரமில்லாமல் தண்டிக்கவும் தெரியும். ஒப்பந்தத்தில் எழுதினால் 23 கிராமுக்கே இத்தனை கடுமை காட்ட முடிகிறது. அப்படியானால் ஊக்கமருந்துக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதலாமே? சோதனையில் சிக்கினால் மொத்தத் தொகையும் எதிராளிக்கு என்று ஒரே ஒரு வரி. அரசு வேண்டாம், உலக அமைப்பு வேண்டாம். இரண்டு கையெழுத்து போதும்.

தடைக்காலம் எத்தனை மாதம் என்பதிலேயே எல்லா விவாதமும் சுற்றுகிறது. முன்னணி வீரர்கள் இப்போதே ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு போட்டிகள்தான் ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஆறு மாதத் தடை என்பது ஓய்வு. அதிலும் முன்தேதியிட்டால் தண்டனை அறிவிக்கும்போதே பாதி கழிந்திருக்கும். டைசன் ஃப்யூரிக்கு 2017 டிசம்பரில் விதித்த இரண்டாண்டுத் தடை, அறிவித்த அன்றே முடிந்துபோனது. திரும்பி வருகிறவர் தடைக்காலம் முழுக்கவும், திரும்பிய பிறகு சில ஆண்டுகளும், முன்னறிவிப்பில்லாத சோதனைக்குத் தன் செலவில் உட்பட வேண்டும். உட்பட மறுத்தால் எந்த நாட்டிலும் உரிமம் கிடையாது. அப்போதுதான் தடை என்ற சொல்லுக்கு எடை வரும். நான்கு பட்ட அமைப்புகளும் ஒரே நாளில் ஒத்துக்கொண்டால் இது நடந்துவிடும், ஏனென்றால் பட்டம் இல்லாமல் பெரிய வியாபாரம் இல்லை.

எதிராளியின் கதிக்குத் திரும்புவோம். 2023 ஆகஸ்டில் டில்லியன் வைட்டின் மாதிரியில் தடைப் பொருள் தென்பட்டதால், ஜோஷுவாவுடன் அவர் மோதவிருந்த போட்டி ஒரு வாரம் இருக்கும்போது ரத்தானது. மாசுபட்ட சத்துப்பொருள்தான் காரணம் என்ற வைட்டின் விளக்கம் பின்னர் ஏற்கப்பட்டு அவர் மேடைக்குத் திரும்பினார். ஆனால் அன்று அரங்கம் காலியாக இருக்கக் கூடாது. ஃபின்லாந்துக்காரர் ராபர்ட் ஹெலினியஸ் அழைக்கப்பட்டார். அவர் ஏழு நாள் முன்புதான் தன் நாட்டில் ஒரு போட்டி ஆடி முடித்திருந்தார். ஏழாவது சுற்றில் ஜோஷுவாவின் வலது கையில் சரிந்தார். ஒருவரின் சோதனை முடிவுக்காக இன்னொருவர் ஒரே வாரத்தில் இரண்டாம் முறை மேடையேறினார்.

கார்சியாவின் தடை 2025 ஏப்ரல் 20-ல் முடிந்தது. பன்னிரண்டே நாளில், மே 2 அன்று, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் திறந்தவெளி மேடை போட்டார்கள். கார்சியா ஒரு போட்டியில்; ஹேனி அதே மேடையில் வேறொரு போட்டியில். இருவரும் வென்றால் மறுபோட்டி என்பது திட்டம். கார்சியா இரண்டாவது சுற்றில் ரோலண்டோ ரொமேரோவிடம் விழுந்து, முடிவில் புள்ளிகளில் தோற்றார். ஹேனி ஹோசே ராமிரஸை வென்றார். ஆனால் பார்த்தவர்களுக்குப் பழைய ஹேனி தெரியவில்லை. நெருங்கவே தயங்கினார், விலகி விலகி நடந்தார், எண்ணி எண்ணிக் குத்தினார். சலிப்பூட்டும் சண்டை என்று விமர்சனம் எழுந்தது. பன்னிரண்டு மாதம் முன்பு அதே நகரத்தில் மூன்று முறை தரையைத் தொட்ட மனிதர் அவர் என்பதைச் சிலர்தான் நினைவுபடுத்தினார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் ரியாத்தில் பிரையன் நார்மனை வென்று வெல்டர்வெயிட்டில் டபிள்யூபிஓ பட்டத்தை எடுத்தார் ஹேனி. மூன்றாவது எடைப்பிரிவில் உலகப் பட்டம். இரண்டாவது சுற்றிலேயே எதிராளியை வீழ்த்தி, வெகுநாள் கழித்து முன்னே அடியெடுத்து வைத்துக் குத்தினார். அதற்கு அவருக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கார்சியாவுக்கு விதித்த தடையோ ஒரு வருடம்தான்.