பாட்டைப் பதிய எந்த மென்பொருள்?



"பாட்டுப் பதிவு பண்ணணும். இந்தக் கணினி பழசாப் போச்சு. புதுசு வாங்கிக் கொடுங்கப்பா" என்று மகன் கேட்கிறான். கையிலுள்ள சம்பளத்தை எண்ணிப் பார்க்கும் தகப்பனார் என்ன செய்வார்? ஒன்று, கடன் வாங்குவார். இல்லையேல் பிள்ளையை அதட்டி உட்கார வைப்பார். இரண்டுமே வேண்டாம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கு அதன் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகள் பல வீடுகளில் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றை லினக்ஸ் எழுப்பிவிடும். 1991-இல் பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய பணி இது. கட்டணம் கிடையாது. இசை வேலைக்கென்றே தொகுக்கப்பட்ட உபுண்டு ஸ்டூடியோ என்னும் வகையும் உண்டு. முதலில் அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் கணினியில் நிறுவலாம். நிறுவும்போது பழைய கோப்புகள் அழிந்துபோகக்கூடும். ஆகவே குடும்பப் படங்களை முன்கூட்டியே வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த மென்பொருள்? பிள்ளைகள் முதலில் கேட்பது எஃப்.எல். ஸ்டூடியோ. அது லினக்ஸுக்கென்று வெளியிடப்படவில்லை. திருட்டுப் பிரதியைத் தேடி அலைய வேண்டாம். நம் வேலைக்கு எது தேவை என்று பார்ப்போம்.

ஒருவர் பாடுவதையோ பேசுவதையோ பதிந்து, இருமலையும் இரைச்சலையும் வெட்டியெடுக்க வேண்டுமா? ஆடாசிட்டி போதும். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த இதை ஒரே மாலையில் பழகிக்கொள்ளலாம்.

குரல், உறுமி, தப்பு, ஆர்மோனியம் என்று தனித்தனியே பதிந்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்துச் சேர்க்க வேண்டுமா? அதற்கு ஆர்டோர். பழகச் சில வாரங்கள் ஆகும். அதன் சொந்தத் தளத்தில் ஆயத்தப் பதிப்புக்குப் பணம் கேட்பார்கள். உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து இலவசமாகவே நிறுவிக்கொள்ளலாம்.

கணினிக்குள்ளேயே தாளமும் மெட்டும் கட்ட வேண்டுமா? எல்.எம்.எம்.எஸ். உதவும். ஆனால் பாடகர் குரலைப் பதிய அது ஏற்றதன்று.

தாளத்துக்கு மட்டும் ஹைட்ரஜன் என்று ஒன்று உண்டு. அதில் வருவன பெரும்பாலும் மேல்நாட்டு டிரம் ஒலிகள். கவலை எதற்கு? தப்பின் ஒவ்வோர் அடியையும் தனித்தனியே ஆடாசிட்டியில் பதிந்து அதில் ஏற்றிவிடுங்கள். நம் தப்பே அங்கு ஒலிக்கும்!

ஒன்றை மறக்க வேண்டாம். நம் மேளக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்து அடிப்பதில்லை. உருவேற ஏற வேகமும் ஏறும். அவர்களைக் கணினியின் 'டிக் டிக்'குக்கு அடங்கச் சொன்னால் உயிர் போய்விடும். ஆர்டோரில் அந்த 'டிக் டிக்'கை நிறுத்திவிட்டு, அவர்கள் போக்கிலேயே பதியலாம்.

ஹெட்போனில் குரல் தாமதமாகக் கேட்டால் கணினியைப் பழிக்காதீர்கள். கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாக வாங்கி அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, 1,024 மாதிரி கொண்ட ஒரு கட்டு 21 மில்லி நொடி பிடிக்கும். 256 என்று குறைத்தால் 5 மில்லி நொடிதான். பதியும்போது குறைத்து வையுங்கள். ஒலி வெடித்து வெடித்துக் கேட்டால் சற்றே கூட்டுங்கள்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். மென்பொருளில் மிச்சமாகும் வெள்ளியை நல்ல ஒலிவாங்கிக்கும் ஹெட்போனுக்கும் செலவிடுங்கள். ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் பெட்டி வாங்கும்போது, "தனி டிரைவர் இல்லாமல் லினக்ஸில் வேலை செய்யுமா?" என்று கேட்டபின் காசை நீட்டுங்கள்.

பெற்றோர்களே, இதில் பொழுதுபோக்கை விடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வாசலில் ஒலித்த தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் பாட்டிமார் நெஞ்சோடு நின்றுபோகின்றன. ஒரு குரலை 24 பிட் தரத்தில் பதிய நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் இடம் போதும். ஒரு மணி நேரப் பாட்டு சிறிய பென்டிரைவிலும் அடங்கும். எம்.பி.3-யாகச் சுருக்காமல் வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக, இரண்டு இடங்களில் வையுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பதிந்த நாள் மூன்றையும் எழுதி வைக்கத் தவறாதீர்கள்.

மகன் கேட்கும் புதுக் கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழையதில் ஆடாசிட்டியைப் போட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் எதிரே அவனை உட்காரச் சொல்லுங்கள். கணினி காத்திருக்கும், பாட்டியின் குரல் காத்திருக்காது.