உள்ளிருந்து திறக்கும் கதவு

மாதத்தின் 20-ஆம் தேதி. காலையிலேயே ஊரிலிருந்து அண்ணன் போன். "தம்பி, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு இன்னிக்குதான் கடைசி நாள். கணக்கு திறக்க மாட்டேங்குது. டெல்லியிலிருந்தே பார்த்துச் சரி பண்ணிடேன்." கடையில் இருப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர். அதற்குள் நுழைய நானே ஒரு வழி போட்டு வைத்திருந்தேன். அன்று அந்த வழியைக் காணோம். முந்தின இரவு பத்து நிமிடம் கரண்ட் போயிருக்கிறது. கரண்ட் வந்தது, கம்ப்யூட்டரும் எழுந்தது. வழி மட்டும் எழவில்லை.

நேராகவே நுழையக் கூடாதா என்று கேட்பீர்கள். பழைய அலுவலகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரே டெலிபோன் நம்பர், உள்ளே ஐம்பது எக்ஸ்டென்ஷன். உள்ளிருந்து யாரும் வெளியே பேசலாம். வெளியிலிருந்து வந்தால் ஆபரேட்டர் தயவு வேண்டும். இன்டர்நெட்டிலும் அதே கதைதான். பழைய ஐபி முறையில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடி. எனவே பல கம்பெனிகள் ஒரே முகவரியில் பல சந்தாதாரர்களைக் குடிவைக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் ஒண்டுக் குடித்தனம்தான். இங்கே ஆபரேட்டரும் கிடையாது.

உபாயம் எளிது. வெளியிலிருந்து கூப்பிட முடியாவிட்டால் உள்ளே இருப்பவரே கூப்பிடட்டும். இதற்கு உதவுவது எஸ்எஸ்ஹெச். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் களவு போனதைக் கண்டு, அங்கிருந்த டாட்டு இலோனென் 1995-இல் எழுதியது. இன்று பெரும்பாலும் புழங்குவது 1999-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச்.

பொது முகவரி உள்ள ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுங்கள். கடைக் கம்ப்யூட்டர் எஸ்எஸ்ஹெச் மூலம் அந்த சர்வரைக் கூப்பிடும். கட்டளையில் 'மைனஸ் ஆர்' (பெரிய எழுத்து ஆர்) போட்டு, "உன் 2222-ஆம் போர்ட்டைத் தட்டுபவரை என் 22-ஆம் போர்ட்டுக்கு அனுப்பு" என்று சொல்லும். டெல்லியில் இருப்பவர் முதலில் சர்வருக்குள் போய், அங்கிருந்து 2222-ஐத் தட்டினால் கடைக்குள் நிற்பார்.

இதுவரை நானும் செய்திருந்தேன். தானாக எழ வைப்பதைத்தான் செய்யவில்லை. அதற்கு நான்கு வேலைகள்.

ஒன்று: பாஸ்வேர்டு கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. எனவே சாவி ஜோடி ஒன்று தயாரித்து, பொதுச் சாவியை சர்வரில் வையுங்கள். முதல் தடவை கையாலேயே இணைத்து, சர்வரின் அடையாளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு: லைன் செத்தது தெரிய வேண்டும். 'சர்வர்அலைவ்இன்டர்வெல்' 30, 'சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ்' 3 என்று வைத்தால், சுமார் ஒன்றரை நிமிடத்தில் தெரிந்துகொண்டு இணைப்பை முறிக்கும்.

மூன்று: பலரும் தவறவிடுவது இது. பழைய இணைப்பின் ஆவி சர்வரில் 2222-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். புது இணைப்பு கிடைக்கும், போர்ட் கிடைக்காது. பார்வைக்கு எல்லாம் நலம், பயன் பூஜ்யம். 'எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர்' என்பதற்கு 'எஸ்' கொடுத்தால், போர்ட் கிடைக்காதபோது விலகிவிடும். சர்வரிலும் 'கிளையன்ட்அலைவ்இன்டர்வெல்' வைத்தால் ஆவி சீக்கிரம் இறங்கும்.

நான்கு: விலகியதை மறுபடி எழுப்ப ஒருவர் வேண்டும். லினக்ஸில் சிஸ்டம்டி அதைச் செய்யும். கட்டளையை ஒரு சர்வீஸாக எழுதி, 'ரீஸ்டார்ட்' என்பதற்கு 'ஆல்வேஸ்', இடைவெளி 10 விநாடி என்று கொடுத்து, கம்ப்யூட்டர் எழும்போதே எழும்படி 'எனேபிள்' செய்தால் போதும்.

இனி பயப்பட வேண்டிய விஷயம். ஆள் இல்லாமல் திறக்கும் சாவி, திருடனுக்கும் ஆள் இல்லாமல் திறக்கும். சர்வரில் இதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள். அந்தச் சாவியின் வரியில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று பூட்டி, 'போர்ட்-ஃபார்வர்டிங்' மட்டும் திறந்து, 'பெர்மிட்லிசன்' மூலம் 2222 என்று குறுக்குங்கள். 'கமாண்ட்' இருக்கும் இடத்தில் ஒன்றும் செய்யாத 'ஃபால்ஸ்' நிரலைக் கொடுங்கள். சர்வரின் 'கேட்வேபோர்ட்ஸ்' வழக்கமாக 'நோ' என்றே இருக்கும். அதைத் தொடாதீர்கள். 'எஸ்' என்று மாற்றினால் உலகமே உங்கள் கடைக் கதவைத் தட்டலாம். 2016-இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் அடிமையாக்கியது இப்படித் திறந்து கிடந்த கதவுகளால்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அனுமதியில்லாமல் இதைச் செய்வது, காவலாளிக்குத் தெரியாமல் மதில் சுவரில் ஓட்டை போடுவதற்குச் சமம்.

அன்று அண்ணனுக்குப் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லி வழி திறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ரிட்டர்ன் இரவுதான் போய்ச் சேர்ந்தது. எல்லாம் சரிசெய்த பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் வழி தானாக எழுந்தது. இந்தச் சோதனையைச் செய்யாதவரை எதையும் தானியங்கி என்று நம்பாதீர்கள்.

தானாகத் திறக்கும் கதவுக்கு ஒரு குணம் உண்டு. அது இருப்பதே மறந்துபோகும். அதனால் கடைக் கம்ப்யூட்டர் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: எந்த சர்வர், எந்தப் போர்ட், எந்தத் தேதியில் வைத்தது. அந்தச் சீட்டைக் கிழிப்பவர் சர்வரில் உள்ள சாவியையும் அழித்துவிட வேண்டும்.