யார்க்ஷயர் புட்டிங்கால் தமிழ் செத்துவிடாது

மக்களே, இது கொஞ்சம் சண்டைப் பதிவு. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் கோபித்துக்கொள்ளக் கூடாது :-)

இங்கிலாந்தில் நம்மாட்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. பிள்ளை பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டில் யார்க்ஷயர் புட்டிங்கைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, நீயும் செய்யேன்" என்று கேட்கும். உடனே பதில் வரும்: "அதெல்லாம் மாட்டுக்கொழுப்புல செய்யறது. நம்ம வீட்ல அந்தப் பழக்கம் இல்ல." பிள்ளை விடாமல் நச்சரித்தால், அடுத்த வாரம் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து உறைய வைத்த பாக்கெட் ஒன்று வீட்டுக்கு வரும். வீட்டில் செய்தால் பண்பாடு கெட்டுவிடும், பாக்கெட்டில் வாங்கினால் கெடாது! என்ன கணக்கு சாமி இது?

முதலில் அந்த மாட்டுக்கொழுப்பு விஷயத்தைப் பார்ப்போம். 1737-ல் வெளிவந்த 'தி ஹோல் டியூட்டி ஆஃப் எ வுமன்' என்ற புத்தகத்தில் இந்தப் பண்டத்தின் மூத்த அக்கா இருக்கிறாள். பெயர் 'டிரிப்பிங் புட்டிங்'. மாவைக் கரைத்து, கொஞ்சம் வெண்ணெயில் அடியை வேகவிட்டு, நெருப்பில் சுடுகிற ஆட்டுச் சப்பைக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. ஆடு ஐயா, ஆடு! பத்து வருஷம் கழித்து, 1747-ல், ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் இதை யார்க்ஷயர் புட்டிங் என்ற பெயரில் போட்டார். சுடுகிற கறியிலிருந்து ஒழுகும் கொழுப்பை வீணாக்காமல் பிடித்துக்கொள்வதுதான் விஷயம். மாட்டுக்கறியோடு ஜோடி சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை விருந்துப் பழக்கத்தால். மாவில் இருப்பது மைதா, முட்டை, பால், உப்பு, அவ்வளவுதான். கொழுப்பு உங்கள் இஷ்டம். சூரியகாந்தி எண்ணெய் போதும். நல்ல நெய்யும் அந்தச் சூட்டைத் தாங்கும். வெண்ணெய் கருகிவிடும்.

பப்பில் சாப்பிடும்போது எந்தக் கொழுப்பு என்று கேளுங்கள், அது நியாயம். முட்டையே தொடாத வீடா? அப்படியானால் இதை விட்டுவிடுங்கள், முட்டை இல்லாமல் இது எழும்பாது. மற்றவர்களுக்கு வீட்டில் செய்ய என்ன தடை?

"நமக்கு அது கைவராதுங்க" என்பது அடுத்த சாக்கு. எங்க ஊர் கார்வேட்டிநகரம், சித்தூர் ஜில்லா. அங்கே தமிழ் பேசுகிற வீட்டில் குழிப்பணியாரம், தெலுங்கு பேசுகிற வீட்டில் பொங்கணாலு. பேர்தான் இரண்டு, கல் ஒன்றுதான். ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் மாவை ஊற்றினால் 'சுர்ர்' என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் பாட்டி திட்டுவாள். யார்க்ஷயர் புட்டிங்குக்கும் இதே சட்டம்தான்! பணியாரக் கல் பழகிய கைக்கு மஃபின் தட்டு வராதா?

ஒரே ஒரு வித்தியாசம். நம் மாவு ராத்திரியெல்லாம் புளித்துப் பொங்குகிறது. இந்த மாவு புளிப்பதில்லை, நீராவியில் எழும்புகிறது. கொதித்து ஆவியாகிற தண்ணீர் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். அந்த ஆவி மாவை உள்ளிருந்து தூக்க, முட்டை வெந்து அந்த உருவத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் சோடா மாவு வேண்டாம், செல்ஃப் ரெய்சிங் மாவும் வேண்டாம், கேக் மாதிரி ஆகிவிடும்.

அளவு: மைதா 140 கிராம், முட்டை 4, பால் 200 மில்லி, உப்பு, மிளகு. கட்டியில்லாமல் அடித்து அரை மணி நேரம் வையுங்கள். ஓவனை 230 டிகிரிக்கு (ஃபேன் ஓவன் என்றால் 210) சூடாக்கி, மஃபின் தட்டின் குழிகளில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, லேசாகப் புகை வரும்வரை காயவிடுங்கள். மாவை ஊற்றி 20 முதல் 25 நிமிஷம். நடுவில் கதவைத் திறந்தீர்களோ, போச்சு! நான்கு அங்குலமாவது எழும்பாதது யார்க்ஷயர் புட்டிங்கே இல்லை என்று 2008-ல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அறிவித்தது. நம் வீட்டில் மூன்று வந்தாலும் பாஸ் போடலாம் :-)

இன்னொன்று. இதைத் துரைமார் சாப்பாடு என்று பயப்படுகிறவர்களுக்கு: யார்க்ஷயர் வீடுகளில் இதைக் கிரேவி ஊற்றி முதலிலேயே பரிமாறிவிடுவார்கள். வயிறு நிறைந்தால் கொஞ்சம் கறி எல்லோருக்கும் வரும். எங்க ஊர் கேழ்வரகுக் களி செய்கிற வேலையும் அதுதானே? கோழிக் குழம்பு கொஞ்சம், களி நிறைய. ஏழை வீட்டு அடுப்புக்கு ஊரெல்லாம் ஒரே புத்திதான். கோழிக் குழம்பை இந்தப் புட்டிங்கின் குழியில் ஊற்றிப் பாருங்கள், தெரியும்.

இனி நிஜமான பயத்துக்கு வருகிறேன். "சாப்பாடுதான் கடைசியா மிஞ்சியிருக்கு, அதையும் விட்டுட்டா பிள்ளைங்ககிட்ட என்ன இருக்கும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கிண்டல் செய்யக்கூடிய கேள்வி இல்லை இது. ஆனால் இதற்கு எல்லைக்காரன் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் ஜில்லா முழுவதும் அங்கே போனது. ம.பொ.சி. முதலானோர் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. கார்வேட்டிநகரம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. எங்களில் பலருக்குத் தமிழ் வீட்டுப் பேச்சு, தெலுங்கு பள்ளிக்கூடத்து எழுத்து. தமிழ் எழுத்தை நான் கூட்டிப் படித்தது வாரப் பத்திரிகைகளில். தெலுங்குக்காரர் கல்யாணங்களில் வயிறாரச் சாப்பிட்டோம், அவர்கள் புலுசு எங்கள் அடுப்பிலும் கொதித்தது. அதனால் தமிழ் போகவில்லை. எழுத்தை யாரும் உட்கார்ந்து சொல்லித் தராத வீடுகளில்தான் போனது. அங்கெல்லாம் சாம்பார் தப்பாமல் மணத்துக்கொண்டுதான் இருந்தது!

இங்கேயும் அதே கதை நடக்கிறது. வாரம் தவறாமல் இட்லி ஊட்டுகிறோம், ஊட்டும்போது இங்கிலீஷில் கெஞ்சுகிறோம். பிள்ளை அடுப்படிக்குள் வருவதே இல்லை. இட்லி மாவுக்கு என்ன அளவு என்றும் தெரியாது, தாத்தாவுக்கு நாலு வரி கடிதம் எழுதவும் தெரியாது. பண்பாட்டைக் காப்பாற்றிவிட்டதாக நமக்கு மட்டும் திருப்தி. பிள்ளைக்கு மாவு அடிக்கச் சொல்லிக் கொடுங்கள். எண்ணெய் காய்கிறதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை நாளைக்குப் பணியாரமும் திருப்பிப் போடும். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் வந்தால் இரண்டையும் கூச்சமில்லாமல் எடுத்து வைக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முட்டையைப் பிள்ளையே உடைக்கட்டும். எண்ணிக்கையைத் தமிழில் சொல்லட்டும். மாவு ஊற அரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் நாலு எழுத்து எழுதிவிடலாம்.