இரவு எட்டு மணிக்குக் கூட்டுங்கள்

மந்தைவெளியில் ரவிக்கை தைக்கிறேன். என்னிடம் துணி கொடுப்பவர்களில் பாதிப் பேர் திருவேங்கடம் தெரு ஃப்ளாட்காரர்கள். மீதிப் பேர் அந்த ஃப்ளாட்களில் சமைத்து, பாத்திரம் தேய்க்கும் கால்வாயோரத்துப் பெண்கள். நானும் கால்வாய்ப் பக்கத்தவள்தான்.

எங்கள் தெருவில் சங்கம், போர்டு எதுவும் கிடையாது. மாதச் சீட்டு உண்டு. ஜூன் மாதச் சீட்டைக் குலுக்குவதில்லை; எந்த வீட்டில் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டுமோ அந்த வீட்டுக்கு விட்டுக்கொடுத்துவிடுவோம். தண்ணி லாரி வந்தால், வேலைக்குப் போனவளின் குடத்தையும் நிரப்பிவைக்க யாராவது இருப்பார்கள். விடியற்காலையில் கிளம்பும் தாய் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக ஒரு ஆயா வீடு இருக்கிறது. பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு பி.காம். படிக்கும் பையன் ஒருவன் கணக்குச் சொல்லித் தருகிறான். அவனுக்கு முறை வைத்து ராத்திரிச் சாப்பாடு. ஆடிக் கூழுக்கு வசூலித்ததில் மிஞ்சிய பணத்தில்தான் அந்த வகுப்புக்கு ட்யூப் லைட் வந்தது. சண்டை இல்லாமலா? சீட்டுப் பணத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன அக்கா தங்கச்சிகளும் இங்கே இருக்கிறார்கள்.

மாற்று வீடு தருவதற்காகக் கணக்கெடுக்க வருகிறவர்கள் ரேஷன் கார்டையும் ஆதாரையும் கரண்ட் பில்லையும் கேட்கிறார்கள். யார் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதில்லை.

1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்பத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆட்களை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். 2021-இல் வாரியத்தின் பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

2022 மே மாதம், பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவுப்படி வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தன் உயிரையே விட்டார். மே 9 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்றார். இனி மக்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்கப்படும் என்றும் சொன்னார். அந்தச் சொல்லை எங்கள் தெரு மறக்கவில்லை.

கருத்துக் கேட்க வழியும் இருக்கிறது. வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கான விதிகள் அதே ஆண்டு வந்தன. நவம்பர் 1-ஆம் தேதி பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வரே கலந்துகொண்டார். ஆனால் பகல் பதினோரு மணிக்குக் கூட்டினால் சமையல்கார அக்கா வர முடியுமா? கட்சிக்காரர்களும் பென்ஷன்காரர்களும்தான் வருவார்கள். கால்வாயோரத்துக்கு ஒரு கூட்டத்தை எங்கள் தெருவிலேயே, இரவு எட்டு மணிக்கு மேல் வையுங்கள். கணக்கெடுப்புக்கு முன்னால் வையுங்கள், பின்னால் அல்ல. வாரிய அதிகாரியும் கவுன்சிலரும் இருக்கட்டும். வீடு ஒதுக்கும்போது குலுக்கல் போட்டு ஆளுக்கொரு மூலையில் தள்ளாமல், ஒரு தெருக்காரர்களுக்கு ஒரே பிளாக் என்று அன்றைக்கே மினிட்ஸில் எழுதி, எங்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.