தட்டார் தெருவில் தட்டும் சத்தம் எங்கே?

மலாக்கா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சிவப்புக் கட்டடம், ஆ பாமோசா கோட்டை வாசல், பாட்டை அலறவிட்டு ஓடும் ரிக்‌ஷா, செண்டோல். கோலாலம்பூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். காலையில் போய் இரவு வீடு திரும்பிவிடலாம். அடுத்த முறை போகும்போது ஆற்றைத் தாண்டி, ஜோங்கர் தெருவுக்கு ஒரு தெரு தள்ளி நடந்து பாருங்கள். முதலில் ஜாலான் துக்காங் பெசி. அப்படியே நேரே போனால் ஜாலான் துக்காங் எமாஸ். நம் பாஷையில் சொன்னால் கொல்லர் தெரு, தட்டார் தெரு. மலாயில் 'துக்காங்' என்றால் கைத்தொழில் கற்றவர். தைப்பவரும் துக்காங், சமைப்பவரும் துக்காங்.

வானொலிக்காரிக்குக் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். தட்டார் தெருவில் நின்று காது கொடுத்தேன். பயணப்பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம், குளிர்சாதனப் பெட்டிகளின் இரைச்சல், எங்கோ காப்பிக்கொட்டை அரைபடும் சத்தம். சுத்தியல் சத்தம் மட்டும் இல்லை.

1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், அதன்பின் பிரிட்டிஷார் என்று கைமாறிய ஊர் இது. அதிகாரிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டைக்குள் இருக்க, வாணிபமும் தொழிலும் இந்தப் பக்கம் வளர்ந்தன. வீடுகளைப் பாருங்கள்: முகப்பு ஒடுக்கம், உள்ளே ரயில்பெட்டிபோல நீளம். முன்னால் கடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் பட்டறை, மாடியில் குடும்பம். தொழிலுக்கு ஒரு வாடகை, குடியிருக்க ஒரு வாடகை என்ற பேச்சே இல்லை. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் பட்டறையைத் தாண்டித்தான் சோற்றுக்குப் போக வேண்டும். தொழில் அப்படித்தான் அடுத்த தலைமுறைக்குப் போனது.

நம்மவர்கள் இங்கே விருந்தாளிகளும் அல்லர். இதே தட்டார் தெருவில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில், 1781இல் டச்சு அரசு கொடுத்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் எழுப்பியது. மலாய் பேசி, மலாய் உடுப்பு உடுத்தி, சைவர்களாகவே வாழ்ந்துவரும் சமூகம் அது. அவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுத வேண்டும். சில அடி தள்ளி 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதைத் தாண்டினால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றையும் ஐந்து நிமிடத்தில் நடந்து கடக்கலாம்.

சரி, துக்காங்குகள் எங்கே போனார்கள்? இளைய தலைமுறைக்கு ஆர்வமில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி பதில்தான். மீதி ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1948 தொடக்கத்துக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தது. கொல்லரும் பிரம்பு முடைபவரும் பழைய வாடகையில் நகரின் நடுவிலேயே தொழில் செய்ய முடிந்தது அதனால்தான். வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வருகிற வாடகை ஓடு மாற்றக்கூடக் கட்டாது. கூரை ஒழுகியது, சுவரில் செடி முளைத்தது. 1997இல் சட்டத்தை நீக்க முடிவானது. அவகாசக் காலம் 1999 இறுதியோடு முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை சந்தை விலைக்குப் போனது. ஒரு வாளிக்கு அடிபோட்டுக் கொடுத்துப் பிழைப்பவர் அதை எப்படிக் கட்டுவார்?

2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. எல்லாருக்கும் பெருமை, எனக்கும்தான். ஆனால் அதற்குள் பல பட்டறைகள் காலி. பட்டியல் வந்த பிறகு வீட்டின் மதிப்பு இன்னும் ஏறியது. ஜன்னலுக்கு என்ன சாயம் பூசலாம் என்பதற்கு விதி இருக்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் யார் உட்கார்ந்து வேலை செய்வது என்பதற்கு விதி இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

எல்லா இழப்புக்கும் கண்ணீர் விட வேண்டியதில்லை. கட்டிச் சிறுத்த சீனப் பெண்களின் பாதங்களுக்கு அளவெடுத்துச் சின்னஞ்சிறு செருப்பு தைத்த கைகள் இந்த ஊரில் இருந்தன. அந்தச் செருப்பு இன்று நினைவுப்பொருள். கால் கட்டும் கொடுமையே போன பிறகு அந்தத் தொழில் சுருங்கியதற்கு யார் அழுவார்கள்? காகிதத்தில் வீடும் காரும் செய்து, இறந்தவர்களுக்கு எரிக்கக் கொடுப்பவர்களோ சீனக் கோயில் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் சுற்றுலாப்பயணி அல்ல, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். நம் கோயில் வாசல் பூக்கடை மாதிரிதான்.

நடுவில் தொங்கிக்கொண்டிருப்பது பெரானாக்கான் மணிச் செருப்பு, 'காசுட் மானெக்'. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், கடுகைவிடச் சின்ன கண்ணாடி மணிகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் கோத்துத் தைக்கிறார்கள். ஒரு ஜோடிக்கு வாரக்கணக்கில், சில வடிவங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். மணி தைப்பவர் வேறு, அதைத் தோல் அடிமேல் இழுத்துப் பொருத்திச் செருப்பாக்குபவர் வேறு. பொருத்துபவர் கடையை மூடினால், தைத்த மணி வெறும் துணியாகச் சட்டத்திலேயே நிற்கும்.

"ஏன் அங்கிள் இவ்வளவு விலை?" என்று ஒரு பெரியவரிடம் மலாயில் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஊசியையும் ஒரு மணியையும் என் கையில் கொடுத்தார். நாலாவது முயற்சியில்தான் கோத்தேன். அதற்குமேல் பேரம் பேச வாய் வரவில்லை.

போகிறவர்கள் வார நாளில் போங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் இரவுச் சந்தைக் கூட்டத்தில் நின்று பேச முடியாது. தை மாதக் கல்யாணத்துக்கு மணிச் செருப்பு வேண்டுமென்றால் ஆவணியிலேயே கால் அளவு கொடுத்துவிடுங்கள். மார்கழியில் போய் அவசரப்படுத்தினால் அங்கிள் சிரித்தே அனுப்பிவிடுவார்.