சகுந்தலையின் மோதிரம் யாரைக் காப்பாற்றியது?

சகுந்தலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு மோதிரம், ஒரு மீன், ஒரு முனிவரின் சாபம். ஆனால் மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் மூலக்கதையில் இந்த மூன்றுமே கிடையாது!

அங்கே நடப்பது வேறு. கண்வரின் ஆசிரமத்துக்கு வரும் துஷ்யந்தன், சகுந்தலையைக் காந்தர்வ மணம் செய்துகொள்ளக் கேட்கிறான். அவள் உடனே மயங்கிவிடவில்லை. தனக்குப் பிறக்கும் மகனே அடுத்த அரசன் ஆகவேண்டும் என்று நிபந்தனை போடுகிறாள். அவன் ஒப்புக்கொள்கிறான், போகிறான், ஆள் அனுப்புவதாகச் சொன்னவன் அனுப்பவே இல்லை. பிள்ளை வளர்ந்த பிறகு, அவனைக் கையில் பிடித்துக்கொண்டு அரசவைக்கே போய் நிற்கிறாள் சகுந்தலை. துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இருந்தும் 'நினைவில்லை' என்கிறான். அதாவது, பொய் சொல்கிறான். பெண்களே பொய் பேசுகிறவர்கள் என்கிறான். அவள் தாய் மேனகையையும் இழிவாகப் பேசுகிறான்.

அவள் அழுதுகொண்டு திரும்பவில்லை. வாதாடுகிறாள். மனைவி என்றால் யார், மகன் என்றால் யார், ஆயிரம் அசுவமேதத்தை விட உண்மை ஏன் பெரியது என்று சபையில் வைத்தே அரசனுக்குப் பாடம் எடுக்கிறாள்.

இந்தக் கதையைத்தான் காளிதாசர் ஏழு அங்க நாடகமாக்கினார். நாயகன் பொய்யனாக இருக்கலாமா? கூடாதே! அதனால் துர்வாசர் வருகிறார். கணவன் நினைவில் ஆழ்ந்திருந்த சகுந்தலை அவரைக் கவனிக்கவில்லை என்பதற்காக, அவள் யாரை நினைக்கிறாளோ அவன் அவளை மறப்பான் என்று சபிக்கிறார். விளைவைப் பாருங்கள். மறந்தவன் மேல் குற்றமில்லை, விருந்தினரைக் கவனிக்காதவள் மேல் குற்றம்!

நாடகத்திலும் அவள் கோபப்படுகிறாளே, அரசனை வஞ்சகன் என்கிறாளே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்த நியாயத்தைச் சாபம் உருவிவிட்டது. அவளுக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும், அவன் நிஜமாகவே மறந்துவிட்டான் என்று. கடைசி அங்கத்தில் அவன் காலில் விழும்போது, எல்லாம் தன் முன்வினைப் பயன் என்று அவளே சொல்லிவிடுகிறாள்.

காளிதாசரின் கவித்துவத்தை யாரும் மறுக்கவில்லை. 1789இல் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகு, ஜெர்மனியில் கெதே வரை அந்த நாடகத்தைக் கொண்டாடினார்கள். தமிழில் மறைமலை அடிகள் மொழிபெயர்த்தார். 1940இல் எம்.எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாக நடித்த படமும் வந்தது. பிரச்சினை, அழகான கதை நேர்மையான கதையை மறைத்துவிட்டது என்பதுதான்.

வியாசரின் கதையும் முழுக்க நியாயமானது அல்ல. அவ்வளவு வாதாடியும் அவள் சொல் எடுபடவில்லை. வானத்திலிருந்து அசரீரி வந்து சாட்சி சொன்ன பிறகுதான் பிள்ளை ஏற்கப்படுகிறான். 'எனக்கு முன்பே தெரியும், ஊர் சந்தேகப்படக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன்' என்று துஷ்யந்தன் சமாளிக்கிறான். அதோடு விட்டானா? அவள் பேசிய கடுஞ்சொற்களைத் தான் மன்னித்துவிட்டதாகவும் சொல்கிறான்!

ஆனால் அங்கே அவன் செய்தது மறைக்கப்படவில்லை. தெரிந்தே கைவிட்டவன் யார், உண்மை பேசியவள் யார் என்பது படிக்கிறவருக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அத்தாட்சி கொண்டுவா என்று பெண்ணிடமே கேட்கும் வழக்கம் இன்றும் போய்விடவில்லை. ஏமாற்றியவன் கெட்டிக்காரத்தனமாக மறந்துவிடுகிறான், ஏமாந்தவள் மோதிரத்தைத் தேடுகிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சகுந்தலை கதையைச் சொல்கிறவர்கள், மீன் வயிற்றிலிருந்து மோதிரம் வந்ததை மட்டும் சொன்னால் போதாது. மோதிரமே இல்லாமல், தன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அரசவையில் நின்ற அந்த முதல் சகுந்தலையைப் பற்றியும் சொல்லவேண்டும்.